நசியாத நரம்பு

குணேஸ்வரி மாமியின் வலது கை இரண்டே நாளில் காப்பு கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கியதால் வந்த பிடிப்பு என்றார் மாமி. மருத்துவருக்கோ இரத்தக்கட்டிச் சந்தேகம். அது கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சொல்லி ஸ்கானுக்கு அனுப்பினார். மொழிபெயர்க்க மாமாவும் மாமியும் என்னைக் கூட்டிப் போனார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். என் தமிழைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஸ்கான் எடுக்கும் எலிசா முதலிலேயே விளக்கினார்: அழுத்தினால் இரத்தக்குழாய் தட்டையாக வேண்டும், உள்ளே கட்டி இருந்தால் ஆகாது. நீளமான வசனம். நான் அதை விட்டுவிட்டேன்.

மாமியின் முழங்கையில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியால் அழுத்தி, எல்லாம் நன்றாகத் தட்டையாகிறது என்றார் எலிசா. எங்கள் வீட்டில் இரத்தம் ஓடுவதும் நரம்பு, கை விறைப்பதும் நரம்பு.

"நரம்பெல்லாம் நல்லா நசியுது, மாமா."

சிவநேசம் மாமா கதிரையில் மெல்ல இருந்தார். மாமியின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். இனிச் சமையல் தன்னுடையது என்றார். மாமி கண்ணை மூடிக்கொண்டார். கைக்காகவா, சமையலுக்காகவா, தெரியாது.

அக்குளுக்குக் கிட்ட எலிசாவின் கருவி நின்றது. மறுபடி அழுத்தினார்.

"இது மட்டும் நசியேல்லை," என்றேன்.

"முருகா, ஒண்டாவது தப்பிச்சுதே," என்றார் மாமா. எலிசாவுக்கு இரண்டு தரம் மெர்சி சொன்னார்.

பிறகு மருத்துவர் வந்தார். அந்த ஓர் இடத்தில்தான் கட்டி. நல்ல காலம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மருந்தில் அடங்கும் என்றார். விட்ட வசனத்தை நான் அப்போது சொன்னேன். மாமா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே வயிற்றில் ஊசி போட வேண்டும். மாமா தானே போடுவதாகச் சொன்னார். தாதி றோசா பழக்கினார்: முதலில் வயிற்றுத் தோலை நுள்ளிப் பிடிக்க வேண்டும். மாமாவின் விரல் போகவில்லை.

"நுள்ளுங்கோவன்," என்றார் மாமி. "இருபத்தாறு வருசமா நாக்காலதானே நுள்ளினியள்."

மாமா பூவைத் தொடுவது போலத் தொட்டார். இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் றோசா. இதைச் சொல்லுக்குச் சொல் சரியாகவே மொழிபெயர்த்தேன்.

"நீ சொல்லுறது சரியோ எண்டு வேற ஆரையும் கேட்பம்," என்றார் மாமா.