ஏழாம் பிச்சைக்காரனின் சட்டை

1

இந்தக் கதை ஒரு பழைய நோட்டிலிருந்து வந்தது. பெர்லினில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் அதை வாங்கினேன். (பொய். பேரம் படியாமல் வைத்துவிட்டு வந்து, வீடு வரை என்னையே திட்டிக்கொண்டேன்.) 1928இல் ஏதோ ஒரு நாடக அரங்கின் உடைப் பட்டியல் அது. ஒரு வரி மட்டும் மறக்கவில்லை: "ஏழாம் பிச்சைக்காரன். சட்டை: இல்லை." அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, மேலே வேறு மையில் 'சொந்தம்' என்று எழுதியிருந்தார்கள். நடிகர் தன் வீட்டிலிருந்தே போட்டு வரும் துணிக்கு அப்படிக் குறிப்பது வழக்கம்.

2

முதல் தொடக்கம்: 'பசியின் கோரப் பிடியில் பெர்லின் மாநகரம் –'

வேண்டாம். பசித்தவன் இப்படிப் பேசமாட்டான்.

இரண்டாவது: ஆல்வின் கால்வைட்டுக்குக் கடைசல் பட்டறை வேலை போய் ஏழு மாதம். பிச்சைக்காரர்களும் திருடர்களும் பாடுகிற ஒரு கேலி நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். முகம் மழித்து, தலை வாரி, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைக் காலரோடு போய் நின்றான். வேலை கேட்டுப் போகிறவன் வேறெப்படிப் போவான்?

இயக்குநர் கிராட்கே தலையில் அடித்துக்கொண்டார்.

"பிச்சைக்காரன் கேட்டா பேங்க் கிளார்க்க அனுப்பியிருக்கானுங்க! யோவ், ஏழைய நீ பாத்ததே இல்லியா?"

"கண்ணாடியில தினம் பாக்குறேங்க," என்றான் ஆல்வின்.

உடைப் பொறுப்பிலிருந்த ஒட்டிலி அம்மாள் ஒரு கந்தலை நீட்டினாள். "கோட்டக் கழட்டுப்பா, இதப் போட்டுப் பாப்போம்."

"மேலயே போட்டுக்கிறேனே அம்மா."

"வெக்கப்பட நீ என்ன புதுப் பொண்ணா? கழட்டு!"

கழற்றினான். உள்ளே சட்டை இல்லை. காலரும் அதோடு சேர்ந்த நெஞ்சுத் துண்டும்* மட்டும். முதுகு வெறும் முதுகு.

(*நெஞ்சை மட்டும் மறைக்கும் துணி; கோட்டுக்குள் முழுச் சட்டைபோலத் தெரியும். அந்தக் காலத்தில் பெர்லினில் பல பேருடைய மரியாதை அந்தத் துண்டு அகலம்தான்.)

அரங்கமே சிரித்தது. கிராட்கே கைதட்டினார். "இதுதான்யா! கந்தல் வேணாம். மூணாவது பாட்டுல கோட்டக் கழட்டித் திரும்பி நில்லு. ஒருத்தன் ஆரம்பிச்சாப் போதும், மொத்தக் கொட்டகையும் சிரிக்கும்."

வேலை கிடைத்துவிட்டது.

3

(அவன் மனைவி எர்னாவை அழுகிற பெண்ணாக எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

அந்தத் துண்டுக்குத் தினமும் இஸ்திரி போடுகிறவள் அவள். உள்ளே சட்டை கிடையாது என்பது வெளியே ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. "பின்கட்டு கிளாராவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி," என்பாள்.

முதல் நாள் ஆட்டத்துக்கு அரங்கில் கொடுத்த இரண்டு இலவசச் சீட்டுகளை ஆல்வின் மறைத்துவைத்தான். கோட்டைத் துடைக்கும்போது எர்னா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னா வேஷம்?"

"பிச்சைக்காரன்."

"இதுக்குப் போயா மறைச்ச? கிளாராவையும் கூட்டிக்கிட்டு வர்றேன். ரெண்டு தரம் கஞ்சி போடுறேன், துண்டு பளிச்சுனு தெரியட்டும்."

மேடையில் கோட்டைக் கழற்ற வேண்டும் என்பதை அவன் சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம், சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் கிராட்கேயிடம் போனான். "முதல் நாள் மட்டும் கழட்டாம விட்டுடவாங்க?"

"ஏழ்மைக்கு வெக்கப்பட வேண்டியவன் பணக்காரன்தான்னு சொல்லத்தான்யா இந்த நாடகமே! கழட்டலன்னா மறுநாள் வராத."

இதில் எரிச்சல் என்னவென்றால், கிராட்கே சொல்வது சரி.

4

முடிவு அ: கழற்றுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கிளாரா விழுந்து விழுந்து. எர்னாவும் –

அடித்துவிட்டேன். அவளுக்கு இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

முடிவு ஆ: முடியாது என்று வெளியே நடக்கிறான். நமக்குக் கைதட்டத் தோன்றும். குளிர்காலத்துக்கு நிலக்கரி வாங்க வேண்டியவன் அவன்.

முடிவு இ: ஒட்டிலி அம்மாள் ரகசியமாக ஒரு சட்டையைத் திணிக்கிறாள். "போட்டுக்க. உன் சொந்தச் சட்டைன்னு எழுதிடறேன்." நோட்டில் இருந்த வரிக்கு இது பொருந்துகிறது. எனக்கும் இதுதான் ஆசை. ஆனால் அந்த வெறும் முதுகும் அவன் சொந்தம்தானே? அதைத்தான் குறித்தாளோ என்னவோ.

ஆகவே என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். மூன்றாவது பாட்டு நடக்கிறது. எர்னா கிளாராவின் கையைப் பிடித்து, "அதோ, வெள்ளக் காலர்! எங்க வீட்டுக்காரர்!" என்கிறாள். ஆல்வின் கடைசிப் பொத்தானை அவிழ்க்கிறான். அவளுக்கு இந்தப் பக்கத்து நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். ஒருத்தர் ஆரம்பித்தால் போதும் என்று கிராட்கே சொன்னது ஞாபகம் இருக்கட்டும். இரண்டாம் பகுதியில் நீங்கள் சிரித்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

இதோ, அவன் திரும்புகிறான்.