அவர் வேண்டாமென்று அழித்தவை

அவள் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து வாசலை மறித்தாள். உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது, வருகிறவர்களெல்லாம் அம்மா எங்கே என்று கேட்கிறார்கள், இந்த நேரத்தில் பையும் கையுமாக எங்கே கிளம்பிவிட்டாய் என்றாள்.

"கம்ப்யூட்டர் கடைக்கு."

"இப்பவாம்மா?"

"ஒரு மணிக்கு மூடிடுவாங்க. நாளைக்கு லீவு."

மகள் முகம் போன போக்கைப் பார்த்து, இவள் வாயில் வந்த பொய்யைச் சொன்னாள். பெரிதாக்கி வைக்க நல்ல போட்டோ ஒன்றுகூட வெளியில் இல்லை, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது, போய் வாங்கிவருகிறேன். பொய் எடுபட்டது. கொஞ்சம் அதிகமாகவே எடுபட்டுவிட்டது, ஏனென்றால் மாப்பிள்ளை உடனே எழுந்து, "நான் போய்ட்டு வரேன் அத்தை, நீங்க உட்காருங்க" என்று கார் சாவியை எடுத்தார். மாப்பிள்ளை நல்லவர்தான். என்ன, வேண்டாத நேரத்திலெல்லாம் நல்லவராக இருப்பார். அவர் போனால் போட்டோவை மட்டும்தானே கேட்டு வாங்குவார்? ரசீது என் பெயரில் இருக்கிறது, வேறு யாரிடமும் தரமாட்டார்கள் என்று இரண்டாவது பொய்யையும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார், நல்லா இருக்கு கூத்து என்று காதில் விழும்படியே சொன்னாள். அவரை எடுத்துப்போக வண்டி வருவது மூன்று மணிக்கு. அப்போது பதினொன்றரை.

செத்துப்போனவரை ஊரில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபத்தெட்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்தியே பிழைத்தார். "கிளட்ச், கிளட்ச், ஐயோ அது பிரேக்குடா" என்ற சத்தம் தெருமுனையில் கேட்டால் இவள் அடுப்பைப் பற்றவைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். ஒருத்தனும் பயப்படவில்லை. விட்டுவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் மூன்று பக்கத்துக்கு வாக்கியங்களைக் கொடுத்து, இதையெல்லாம் உங்கள் குரலில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பொத்தானைத் தொட்டால் அதுவே உங்களுக்காகப் பேசும் என்றார்கள். வாத்தியார் பத்து நாள் பின்னறையில் மைக்கும் தானுமாக உட்கார்ந்து பதிந்தார். வீடு திரும்பியதும் ஒரே ஒரு வாக்கியத்தைப் போட்டுக்காட்டினார். ஆள் வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்க, குரல் மட்டும் பெட்டியிலிருந்து வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. "என் காதுல விழாம எங்கயாவது வைங்க" என்றாள். வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு வருஷமும் நோட்டில் எழுதித்தான் பேச்சு.

போன வாரம் டாக்டர் கையை விரித்த அன்று, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். இப்போது அந்தக் குரல் வேண்டியிருந்தது. திரை கறுப்பாகவே நின்றது. உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம். அணைத்துப் போட்டாள். மறுபடியும் டக் டக். அன்று முழுக்க அணைத்து அணைத்துப் போட்டாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். இன்று விடியும்போது வாத்தியார் போய்ச் சேர்ந்தார். பத்து மணிக்குக் கடையிலிருந்து, வேலை முடிந்தது, வந்து பாருங்கள் என்று போன் வந்தது. அவரை எடுத்துக்கொண்டு போவதற்குள் அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கடை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. மேஜை முழுக்க மூடி திறந்த ஹார்ட் டிஸ்குகள். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது, இவளும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, போட்டோக்கள் எண்ணூற்றுச் சொச்சம் அப்படியே வந்துவிட்டன என்று சந்தோஷமாக ஆரம்பித்தார்.

"போட்டோ இருக்கட்டும். அந்தக் குரல்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டிஸ்கின் உள்ளே ஒரு தட்டு சுற்றும், அதன்மேல் படாமல் ஒரு முள் ஓடும், அந்த முள் பழுதாகிவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். வேறொரு டிஸ்கிலிருந்து முள்ளை எடுத்து மாற்றினாராம். ஆனால் அதற்குள் பழைய முள் தட்டில் ஓரிடத்தைச் சுரண்டியிருக்கிறது. குரல் பதிவுகள் வைத்திருந்த ஃபோல்டர் இருந்தது அந்த இடத்தில்தான்.

"எத்தனை தடவை ஆன் பண்ணீங்கன்னு அன்னைக்கே கேட்டேம்மா. ரெண்டு தடவைன்னீங்க."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருபது இருக்கும். மேலயும் இருக்கும்."

கடைக்காரர் கழற்றிய கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. கிளம்பாத வண்டியில் சாவியைத் திருகிக்கொண்டே இருக்காதே என்பதுதான் வாத்தியாரின் முதல் நாள் பாடம். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆளை நோய் கொண்டுபோயிற்று, குரலை நானே கொண்டுபோய்விட்டேன் என்று நினைத்தபோது காலையிலிருந்து வராத அழுகை வரப்பார்த்தது. வேற்று மனிதர் எதிரில் அழுவதாவது என்று அடக்கிக்கொண்டாள்.

"வேற ஒண்ணு வந்திருக்கு" என்றார் கடைக்காரர். "அவர் வேண்டாம்னு அழிச்சது. நாம அழிச்சாலும் டிஸ்க்லேர்ந்து உடனே போயிடாது. வேற மூலையில கிடந்ததால தப்பிச்சிருக்கு. பேரெல்லாம் போய் வெறும் நம்பர்தான் இருக்கு. மொத்தம் நாப்பத்தோரு துண்டு. சரியா வரலைன்னு அவர் தூக்கிப்போட்டதும்மா, அதனால பெரிசா எதிர்பார்க்காதீங்க. கேக்கறீங்களா?"

ஹெட்ஃபோனை அவரே மாட்டிவிட்டார்.

"எனக்குத் தாகமாக இருக்கிறது." வாத்தியாரேதான். செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாக. உடனே குக்கர் விசிலடித்தது. "சே" என்றார், துண்டு முடிந்தது.

"எனக்குத் தாகமாக..." என்று அடுத்தது ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஒரு பெண்பிள்ளை, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க என்று கத்தினாள். "செவுத்துகிட்ட" என்றார் வாத்தியார். அந்தப் பெண்பிள்ளை தான்தான் என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. அதற்கடுத்ததில் "கதவைச் சாத்துங்கள்" என்று வாசித்தார். காலடிச் சத்தம் வந்தது, கதவு கிறீச்சிட்டது, ஏன் உங்களுக்குக் கை இல்லையா என்றது அவள் குரல். "உன்னைச் சொல்லலைம்மா, எழுதினதைப் படிக்கறேன்" என்று சொல்லும்போதே வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். இரண்டு வருஷமாக அவர் சிரித்தால் தோள்தான் குலுங்கும், சத்தம் வராது.

பத்துப் பன்னிரண்டு துண்டு கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். பாத்திரத்தைப் போட்டாள், இருமினாள், கடைக்குப் போய் வரச் சொன்னாள். அவள் சத்தம் விழாமல் பார்த்துப் பார்த்துப் பதிந்த மூன்று பக்கமும் போய்விட்டது. அவள் கெடுத்ததெல்லாம் பிழைத்திருந்தது.

பையில் போன் அடித்து ஓய்ந்தது. மகளாகத்தான் இருக்கும். கடைசித் துண்டு மட்டும் நாற்பது நிமிஷம் ஓடுகிறது என்றார் கடைக்காரர். நிறுத்த மறந்துவிட்டார் போல, முதல் நிமிஷத்துக்கப்புறம் வெறும் அறைச் சத்தம்தான், வெட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

"தொடாதீங்க" என்றாள். பிறகு, நியாயமாக இருக்காது என்று பட்டதால் சொன்னாள்: "மூணு மணிக்கு அவரை எடுக்கறாங்க. காலைலதான் போனார்."

கடைக்காரர் அவளையே பார்த்தார். எழுந்துபோய்க் கடைக்கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு வந்து, நாற்பத்தொன்றாவதைப் போட்டார்.

"நான் நன்றாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்." சாப்பிட வாங்க, ஆறுது என்றாள் அவள். "இரும்மா, வரேன்." நாற்காலி நகர்ந்தது, காலடி விலகிப்போனது. பிறகு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. தட்டு வைக்கிற சத்தம். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். கீழ்வீட்டுக்காரி மோட்டாரை அணைக்காமல் போனது, மகளுக்கு மாசாமாசம் வரும் தலைவலி, மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்த மாத்திரை. அம்மாடி, என்ன பேச்சு. நடுநடுவே அவர் "ம்" என்பது மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினாள். "ம்" வருகிற இடத்திலெல்லாம் அவள் குரல் ஏறி மிதித்துக்கொண்டு போனது.

"கொஞ்சம் வாயை மூடித் தொலையேன்" என்றாள்.

கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். உங்களை இல்லை என்று கையால் காட்டினாள்.

போன் மறுபடி அடித்தது. ஹெட்ஃபோனுக்குள் பேச்சு நின்று, குழாய் திறந்தது. தண்ணீர் விழுகிற சத்தம். கரண்டி ஒன்று பாத்திரத்தின் அடியை வழித்தது. தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, வாத்தியார் கேட்டார்.

"உனக்கு இருக்கா?"

குழாய்ச் சத்தத்தில் அன்று அவளுக்குக் கேட்டிருக்காது. பதில் வரவில்லை. கரண்டி நின்றது.

"ஏம்மா, உனக்கு இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள், ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு. "நீங்க சாப்பிடுங்க."