சாட்சி சொன்ன கால்

என் புருஷனின் வலது காலில் இருந்த புண் ஆறிவிட்டதென்று பாலையூற்றில் எங்கள் சபையார் எல்லாருக்கும் தெரியும். ஆறவில்லை என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் பெயர் இக்னேசியஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சீனி வருத்தக்காரர், நீரிழிவு. வேலைச் சப்பாத்து கடித்துப் பெருவிரலுக்குக் கீழே புண் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். புண்ணின் மேலே தோல் மூடியது. அவ்வளவுதான், அந்த ஞாயிறே மனிசன் எழும்பி நின்று, கர்த்தர் தன்னைச் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டார். சபையே கைதட்டியது. நானும் அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"உனக்கு விசுவாசம் காணாது, மலர்" என்றார்.

தோலுக்குக் கீழே புண் அப்படியே இருந்திருக்கிறது. மாதம் முடியுமுன் வெடித்துத் திறந்தது. கிளினிக்குக்குப் போவோம் என்றேன். மாட்டாராம். அங்கே சபைச் சனம் யாராவது கண்டுவிடுவார்களாம்.

"என்னை விடு. ஆண்டவரைப் பற்றி என்ன நினைப்பினம்? அவற்ற மகிமைக்கு என்னால குறை வரக்கூடாது."

"ஆண்டவற்ற மகிமை உங்கட காலிலயோ தொங்குது?"

வேதாகமத்தை எடுத்து விரித்துக்கொண்டார். அதை விரித்தால் நான் வாயை மூடிவிடுவேன் என்று அந்த மனிசனுக்கு ஒரு நினைப்பு.

அதற்குப் பிறகு தினமும் குசினிக் கதிரையில் இருத்தி நான்தான் மருந்து கட்டினேன். சபைக்குள் செருப்புப் போட முடியாது, ஆகவே சொக்ஸ் போட்டார். கேட்டவர்களிடம் குளிர் என்றார். திருகோணமலை வெயிலில் குளிருகிறதென்று சொன்ன ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். நாற்றத்துக்குப் பவுடரைக் கொட்டினார். விரல் கறுத்தபோது கெஞ்சினேன், ஏசினேன், பாஸ்டரிடம் சொல்லிவிடுவேன் என்று வெருட்டினேன். சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றார். ஆண்டவரோடும் சண்டை பிடித்தேன். உமக்கு மகிமை வேண்டுமென்றால் காலை ஆற்றிவிடும், இல்லாவிட்டால் இந்த மனிசனுக்குப் புத்தியையாவது கொடும் என்றேன். இரண்டும் நடக்கவில்லை. கட்டை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதும் தவிர என் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

போன ஞாயிறு, இலங்கைத்துறையிலிருந்து தவராசா என்ற மீன்பிடிக்காரரை எங்கள் சபைக்கு வந்துபோகும் அவருடைய மகள் கூட்டிவந்தாள். அவருக்கும் சீனி, அவர் காலிலும் கட்டு. பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

"பிரதர் இக்னேசியஸ், இந்த ஐயாவுக்கு உங்கட சாட்சியை ஒருக்காச் சொல்லுங்கோ."

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வாய் திறக்குமுன் தவராசா முந்திக்கொண்டார்.

"உங்கட கதையை மகள் சொன்னவள், தம்பி. அதைக் கேட்டுத்தான் நான் கிளினிக்கை விட்டனான். விரலை எடுக்கோணும் எண்டு டொக்டர் திகதி தந்தவர். நான் போகேல்ல. உங்களைச் சுகமாக்கினவர் என்னைக் கைவிட மாட்டார்தானே?"

நான் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தேன். எழும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது. என்னால் முடியவில்லை.

இவர் தவராசாவின் கால் கட்டைப் பார்த்தார். பிறகு மெல்லத் தரையில் இருந்து சொக்ஸைக் கழற்றினார். கட்டையும் அவிழ்த்தார். முன்னால் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்குச் சுகம் வரேல்ல, அண்ணை. ஆண்டவருக்கு வெட்கம் எண்டு மறைச்சுப்போட்டன். உண்மையில வெட்கம் எனக்குத்தான். நீங்கள் நாளைக்கே போங்கோ. நானும் வாறன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டு அந்தக் காலின்மேல் கை வைத்தார். என்ன ஜெபிப்பதென்று அவருக்கும் தெரியவில்லை. அழுதார்.

மறுநாள் கிளினிக்கில் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். தவராசாவுக்கு அந்த ஒரு விரலை எடுத்தால் போதும் என்றார் டொக்டர். இவருடைய காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

வெளியே வந்ததும் இவர் தவராசாவின் கையைப் பிடித்தார்.

"உங்களுக்கு விரலோட போச்சுது, அண்ணை. ஸ்தோத்திரம்."

ஒப்புக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே சந்தோஷப்பட்டார். சாட்சி சொன்ன அன்றுகூட அவர் முகம் இப்படி இருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீயும் சொல்லு, மலர்" என்றார்.

ஆண்டவரே, இவ்வளவும் உமக்குத் தேவையா என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அவருடைய தோளைப் பிடித்துப் படியிறக்கினேன்.