சுண்ணாம்புக் கோட்டில் ஒரு போர்ட்டிகோ

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவர் நல்லதம்பி கொத்தனார். எண்பத்திரண்டாம் வருசம், ஆவணி மாதம். பாடாலூர் சாமிதுரைக்குப் பெண் பேச அரியலூருக்குப் போனார். பெண்ணின் அப்பா தங்கராசு சிமெண்டு ஆலையில் வேலை செய்பவர், ஆலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"பையன் வூடு எப்படி?"

கூரை வீடு என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் கொத்தனார் அப்போதுதான் லெப்பைக்குடிகாட்டில் ஒரு துபாய்க்காரர் வீட்டை முடித்துவிட்டு வந்திருந்தார். அந்த வீடு அறை அறையாக அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஹாலு, பெட்ரூம் ரெண்டு, கிச்சன், அட்டாச்சுடு பாத்ரூம். முன்னால போர்ட்டிகோ, சுத்தி காம்பவுண்டு."

"போர்ட்டிகோ இருக்கா?"

"போர்ட்டிகோ இல்லாம வூடா?"

(இதையெல்லாம் கொத்தனார் பிறகு சொன்னார். கேட்டவன் அவரிடம் கலவை போடுகிறவன். அவனே இந்தக் கதையையும் எழுதுகிறவன். 'நான்' என்று எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். கலவை போட்டவன் பெயரை எந்த வீட்டு வாசலிலும் செதுக்கியதில்லை. அந்தப் பழக்கம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பாடாலூரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாமிதுரை தன் வீட்டைப் பார்த்து—" அடித்தாயிற்று. பாடாலூரில் வெயில் எப்போது இறங்கியது?

அடுத்த தொடக்கம்: "வீடு என்பது—"

இதற்கு மேல் பேனா போகவில்லை. எழுதுகிறவன் முதியோர் பள்ளியில் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியபோது, புத்தகத்தில் வீடு என்று ஒரே சொல்தான் இருந்தது. அதற்கு ஒரே படம். அந்த ஒரு சொல்லுக்குள்தான் சமைத்தோம், படுத்தோம், சண்டை போட்டோம். மழைக்கு ஆடும் உள்ளே வந்தது. இங்கிலீஷ் வந்துதான் ஒவ்வொரு காரியத்துக்கும் தனி அறை கேட்டது. வீட்டோடு விட்டதா? ஊருக்குக் கிழக்கே, புளியமரத்துக்குப் பின்னால் என்றிருந்த சாமிதுரையின் இடத்துக்கு, கொத்தனார் அரியலூரிலேயே 'ஈஸ்ட் எக்ஸ்டென்ஷன்' என்று பெயர் வைத்துவிட்டு வந்தார்.

ஆக, கதையைச் சாமிதுரையிலிருந்தே தொடங்க வேண்டும். வயது முப்பத்திரண்டு. ரோட்டோர லாரிப் பட்டறையில் வெல்டர். பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளம் முருகன் கோயில் மலைப்படியில் செல்வம்மாளைப் பார்த்தான். செருப்பைத் தொலைத்துவிட்டு, கொதிக்கிற கல்லில் தத்தித் தத்திச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களையும் வேண்டாம் என்றுவிட்டான். இவள் இல்லையென்றால் யாரும் இல்லை என்பது அவன் கணக்கு. அவளுக்கு அது தெரியாது.

3

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. சாமிதுரை பட்டறையை விட்டுக் கொத்தனாரிடம் ஓடினான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? என் வூட்டுல நாலு காலு, ஒரு கூரை. பெட்ரூமுக்கு எங்க போவேன்?"

"எடம் இருக்குல்ல?"

"அஞ்சு சென்ட்டு இருக்கு."

"அப்ப வூடு இருக்கு. செவுருதான் இல்ல."

கொத்தனார் முளை அடித்தார். நூலின் மறுமுனையை எழுதுகிறவன் பிடித்தான். நூல் மேல் சுண்ணாம்புப் பொடி தூவி, கதவுக்கு மட்டும் இடைவெளி விட்டார்கள். வேலை தொடங்கிய வீடு என்று சொல்வதாக ஏற்பாடு. பழைய கூரை வீட்டை லாரித் தார்ப்பாயால் போர்த்தி, கேட்டால் உள்ளே சிமெண்டு மூட்டை என்று சொல்லவேண்டும்.

சாமிதுரையின் அம்மா பொன்னாயி கோட்டைப் பார்த்தாள். "இதுக்குள்ள நான் பூருவனா?"

"இப்ப சின்னதாத்தான் தெரியும் ஆயா. செவுரு எழும்புனா பெருசாயிரும்."

(எல்லாக் கொத்தனார்களும் சொல்வது இது. உண்மையும்கூட. சுவர் வந்தால் இடம் குறையத்தானே வேண்டும்? எழுதுகிறவனுக்கு இன்றுவரை புரியவில்லை.)

பிறகு பொன்னாயிக்குப் பாடம் நடந்தது.

"ஹாலுன்னா?"

"வந்தவங்க குந்துற எடம்."

"சிட் அவுட்டுன்னா?"

"வந்தவங்க குந்துற எடம்."

"ரெண்டும் ஒண்ணா ஆயா?"

"புடிச்சவங்க உள்ள குந்துவாங்க. புடிக்காதவங்க வெளிய."

கொத்தனார் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார். "சரி, போர்ட்டிகோ?"

"காரு நிக்கிற எடம்."

"காரு எங்கன்னு கேட்டா?"

"வெளிய போயிருக்குன்னுருவேன்."

4

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவது வழக்கமில்லை. முன்பு எழுதியபோது செல்வம்மாளை அரியலூரிலேயே விட்டுவிட்டேன்— விட்டுவிட்டான், எழுதுகிறவன். தங்கராசும் அவர் மனைவி ஆண்டாயியும் மட்டும் வந்தார்கள், பார்த்தார்கள், "கடுதாசி போடுறோம்" என்று போனார்கள். கதை அங்கேயே செத்தது. உண்மையில் அவள் வந்தாள். செட்டிகுளத்தில் வேண்டுதல் என்று சாக்குச் சொல்லிக் கூடவே வந்தாள். நம்ப முடியாவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். அடுத்த பத்தியிலும் அவள் இருக்கிறாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய தங்கராசு ஈஸ்ட் எக்ஸ்டென்ஷன் எங்கே என்று நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். "அந்தப் பேருல இங்க பஸ்ஸு ஓடலீங்களே" என்றானாம் டீக்கடைக்காரன். வேர்த்துப்போய் வந்தவர், நேராகக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

"செவுரு! செவுரு!" என்று மூன்று பேர் கத்தினார்கள்.

தங்கராசு பதறிக் காலை எடுத்தார். சுற்றிக்கொண்டு வாசல் இடைவெளிக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். ஆள் ஆறடி, உள்ளே நுழையும்போது குனிந்துகொண்டார். எதற்குக் குனிந்தோம் என்று அவருக்கே பிறகுதான் உறைத்தது.

அதற்குள் ஆடு ஒன்று பெட்ரூம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "வாசப்படி இருக்குல்ல சனியனே!" என்று பொன்னாயி விரட்டினாள்.

"தார்ப்பாய்க்குள்ள என்ன?" என்றார் தங்கராசு.

"சிமெண்டுங்க," என்றார் கொத்தனார்.

"எத்தன மூட்ட?"

"அது... ஒரு வூடு அளவுக்கு இருக்குங்க."

ஆண்டாயிக்கு அட்டாச்சுடு பாத்ரூமைக் காட்டினார்கள். பெட்ரூமை ஒட்டி ஒரு சிறு கட்டம். அவள் முகம் சுருங்கியது.

"படுக்கிற எடத்துக்குள்ளயே கக்கூசா? தலமாட்டுலயா?"

"அட்டாச்சுடுன்னப்ப சரின்னீங்களே?" என்றார் கொத்தனார்.

"அது பேரு. பேரு நல்லாருக்குன்னு சரின்னோம். இப்படிப் பக்கத்துலயே இருக்கும்னு யாரு கண்டா?"

5

செல்வம்மாள் ஹாலின் நடுவில் நின்றாள். "சன்னல் எங்க?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "கோட்டுல சன்னல் தெரியாதும்மா."

"அப்ப காத்து எப்படி வருது?"

யாரும் சிரிக்கவில்லை, அவளைத் தவிர. பிறகு அவள் சாமிதுரையைப் பார்த்து நேரடியாகக் கேட்டாள்: "இதுல எதுங்க நெசம்?"

கொத்தனார் அவள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சாமிதுரைக்கு அது தெரிந்தது. இன்னும் ஒரு பொய் சொன்னால் பெண் கிடைக்கும். உண்மை சொன்னால் பஸ் கிடைக்கும். இந்த வரியை எழுதுகிறவன் மூன்று தடவை எழுதிப் பார்த்தான். மூன்று தடவையும் சாமிதுரை ஒன்றையேதான் சொன்னான்.

"அடுப்பு," என்றான்.

கிச்சன் கட்டத்துக்குள் பொன்னாயி மூன்று கல் வைத்து, காலையிலிருந்து நிஜமாகவே சமைத்துக்கொண்டிருந்தாள். கோழிக்குழம்பு கொதித்தது.

"அப்புறம்?"

"தார்ப்பாய்க்கு அடியில கூரை வூடு இருக்கு. சிமெண்டு இல்ல. அறுப்புக்கு முன்னால ஒரு ரூம்பு கட்டுவேன். அதுக்குத் தெம்பு இருக்கு. மத்ததெல்லாம் மாமா வாயி."

தங்கராசு துண்டை உதறினார். "ஏமாத்துறதுக்கு நாங்கதான் கெடைச்சமா? எந்திரி ஆண்டாயி." அவள் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை.

"நாம மட்டும் என்னப்பா?" என்றாள் செல்வம்மாள். "குவார்ட்டர்ஸு குவார்ட்டர்ஸுன்னு சொல்றீங்க. ஆறு பேரும் ஒரே ரூம்புலதான படுக்கிறோம். அது ஹாலா, பெட்ரூமா?"

தங்கராசு கோபத்திலும் பொறுப்பாக யோசித்துச் சொன்னார்: "பகல்ல ஹாலு. ராத்திரியில பெட்ரூமு."

கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போய்விட்டார்.

பொன்னாயி எதையும் காதில் வாங்காமல் இலை போட்டாள். "அண்ணே, பொண்ணு குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். வந்தவங்க சாப்புடாமப் போவக்கூடாது."

"கை நனைக்க மாட்டம்மா," என்றாள் ஆண்டாயி. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இதற்கு இங்கிலீஷில் சொல் இருக்கிறதா என்று கொத்தனாருக்கும் தெரியாது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

6

இங்கே எழுதுகிறவன் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தான். ஒன்றில் தங்கராசு மனம் இறங்குகிறார். அது அவர் முகத்துக்குப் பொருந்தவில்லை. மற்றொன்றில் மழை வந்து கோடுகளை அழிக்கிறது. ஆவணி வெயிலில் எழுதுகிறவன் கேட்டதற்காக மழை வருமா?

நடந்தது இவ்வளவுதான். தங்கராசும் ஆண்டாயியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வம்மாள் கதவு இடைவெளி வழியாக வெளியே போனாள். எதையோ நினைத்துக்கொண்டு அதே இடைவெளி வழியாகத் திரும்பி வந்து, இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எந்திரிடி!" என்றாள் ஆண்டாயி. சாமிதுரை தண்ணீர்ச் செம்பை நீட்டினான். செல்வம்மாள் செம்பை வாங்கித் தூக்கினாள்.

அண்ணாந்து ஊற்றினால் தாகம். குனிந்து கையில் ஊற்றினால் கல்யாணம்.

எழுதுகிறவன் இதோடு நிறுத்திக்கொள்கிறான். அவள் தலை எந்தப் பக்கம் போனது என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்; அது பித்தளைச் செம்பு, நிறையத் தண்ணீர், பிள்ளைக்குக் கை வலிக்கும்.