நவ்ஃபலின் அளவுக் காகிதம்

சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தில் ருவைதா வீட்டு ஆணியில் தொங்கிய கோட்டு அளவுக் காகிதம் வருடத்துக்கு இரண்டு விரற்கடை மெலிந்தது. அவள் கணவன் நவ்ஃபல் ரொட்டி சுடுகிறவன், வாசலில் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு. சிமெண்டு மூட்டைக் காகிதத்தைப் பிரித்து, அவனை அளந்து, முதுகு, முன்பக்கம், கை என்று அவள் வெட்டி வைத்த மறுநாளே, அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு அவனைப் பிடித்துப் போனார்கள். எந்தச் சிறையில் கேட்டாலும் அப்படி ஓர் ஆளே கிடையாது என்றார்கள்.

வசந்தத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துணி வாங்கி, அன்று அளந்து நோட்டில் குறித்திருந்தபடியே கோட்டை வெட்டித் தைத்தாள். பிறகு அதன்மேல் வைத்துப் பார்த்தால் காகிதம் சிறுத்திருந்தது. எலி என்று நினைத்தாள். ஓரமோ கத்தரி பட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அங்கே அவன் மெலிகிறான், மெலிகிறவன் உயிரோடிருக்கிறான் என்று புரிந்துகொண்டாள். கணவன் மெலிவதைப் பார்த்து நிம்மதியடைந்த பெண் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். வேறு என்ன செய்வாள், பாவம். ஒவ்வொரு வசந்தமும் கோட்டைப் பிரித்து, காகிதத்துக்குச் சரியாகப் பிடித்துத் தைத்தாள். மிஞ்சியதை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டாள்.

“எங்கண்ணனுக்கா தைக்கறீங்க, பூனைக்கா?” என்றாள் நாத்தனார் கஸ்னா.

“வரட்டும். ரெண்டு மாசம் ஆக்கிப் போட்டுட்டுப் பிரிச்சு விட்டுக்கறேன்.”

நான்காம் வருடம், சிறையிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவர் அவளைத் தேடி வந்தார். ஆணியில் தொங்கிய காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எடது தோள சரியாத்தான் வெட்டியிருக்கே, தங்கச்சி. போன குளிர்லதான் அவனுக்கு எறங்குச்சு.”

கொடுத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். எட்டாம் வருடத்தில் கோட்டுக்கு வெளியே தெரிந்த துணியைவிட உள்ளே மடிந்திருந்த துணி அதிகம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் தூக்கினால் கை வலித்தது.

ஒன்பதாம் வசந்தத்தில் காகிதம் மெலியவில்லை. நாடாவை இரண்டு தடவை வைத்து அளந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் வசந்தத்தில் கஸ்னாவும் கூட இருந்தாள்.

“என்ன அண்ணி, போன வருஷம் மாதிரியே இருக்கு?”

“அதுக்கு முந்தின வருஷம் மாதிரியும்.”

கஸ்னா எழுந்து போய், துக்க வீட்டுக்கு வைக்கிற சர்க்கரையில்லாத காப்பியை அடுப்பில் ஏற்றினாள்.

ருவைதா கோட்டின் தையல் முழுவதையும் பிரித்தாள். துணியைக் கருப்புச் சாயத்தில் முக்கி, காயவைத்து, தேய்த்து விரித்தாள். அதன்மேல் காகிதத்தை வைத்து, இந்த முறை தனக்காக, ஓரத்தோடு ஒட்டி வெட்டினாள். பிறகு பிரித்து விடுவதற்கென்று எங்கும் துணி விடவில்லை. வெட்டி விழுந்தது மடி நிறைய இருந்தது. அதைக் கீழே போட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

தைத்துப் போட்டபோது அவளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. இடது தோள் மட்டும் சற்று இறங்கியிருந்தது. துக்கத்தின் நாற்பதாம் நாளுக்குள் அவள் தோளும் இறங்கி, கோட்டு சரியாகிவிட்டது.