பின்முற்றத்து மணல்

"இந்தச் சட்டிய இன்னும் எத்தின நாளைக்கு நீ தூக்குவாய்?" என்று அம்மா கேட்டாள். நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் அம்மாவின் வலது கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் வோக்கரைப் பிடித்து நடப்பாள். ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் கக்கூஸ் பின்முற்றத்தின் கோடியில். முற்றம் முழுக்க மேடும் பள்ளமும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அதில் விழுந்தாள். பிறகு அறைக்குள் சட்டிதான். அந்த வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. டொக்டர் என்னைத்தான் ஏசினார்.

ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்டில் இரவு வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். முற்றத்தை நிரவ மணல் எடுப்பித்தேன்.

லொறி ஒழுங்கைக்குள் வராது. ஒழுங்கை முகப்பில் கொட்டிவிட்டுப் போனார்கள். பின்பக்கம் போக வேறு வழியும் இல்லை. ஹோல், அறை, குசினி என்று வீட்டின் நடுவால்தான் மூட்டைகள் போயின. அம்மா கட்டிலில் இருந்து ஒவ்வொன்றையும் முறைத்தாள்.

பக்கத்து வீட்டு அஷ்ரப் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பீச்சா? குடை ஒண்ட நடு, வெள்ளக்காரன் வருவான்."

"வாயத் திற, ரெண்டு மூட்டை உனக்கும் கொட்டுறன்."

நீளப் பலகையால் இழுத்து மட்டமாக்கினேன். மேசை போல இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் அடியிலேயே வோக்கரின் முன்கால்கள் மணலுக்குள் புதைந்தன. முன்னால் சரிந்தவளை இடுப்பில் பிடித்துக்கொண்டேன்.

"மட்டமாத்தான் இருக்கு," என்றாள். "மனுசர் நடக்கத்தான் ஏலாது."

அதன் பிறகு அவள் குசினி வாசலோடு நின்றுகொண்டாள். அங்கே கதிரையில் இருந்து அரிசி கழுவுவாள், தண்ணீரை மணலில் வீசுவாள். ஒரு காலை அந்த இடத்தில் கால் வைத்தேன். புதையவில்லை. குதிகாலால் உதைத்தும் பார்த்தேன். சீமெந்து போல இறுகிக் கிடந்தது.

முழு மணலையும் வாரி ஒரு பக்கம் குவித்தேன்.

"போட்டத அள்ளுறியா? உனக்கு விசர்," என்றான் அஷ்ரப்.

இந்த முறை மெல்லிசாகப் பரப்பினேன், தண்ணீர் அடித்தேன், இடித்தேன். அதற்கு மேல் இன்னொரு படை. பழைய பெயின்ற் வாளியில் கொங்கிரீட் ஊற்றி, நடுவில் பைப் ஒன்றைச் செருகியதுதான் இடிகட்டை. மழைத்தண்ணீர் வடிகானுக்கு ஓடும்படி லேசாகச் சரிவு விட்டேன். ஓரம் கரையாமல் செங்கல் பதித்தேன். உள்ளங்கைத் தோல் கழன்றது. துணியைச் சுற்றிக்கொண்டு இடித்தேன்.

"டேய், எங்கட உம்மாட பீங்கானெல்லாம் ஆடுது!"

"இறக்கி வைக்கச் சொல்லு. இன்னும் பாதி கிடக்கு."

மழை வந்தது. தண்ணீர் கானுக்குள் போனது, மணல் போகவில்லை.

மழை விட்டதும் அம்மா வோக்கரோடு வாசலுக்கு வந்தாள். நான் பின்னால் போனேன்.

"நீ எங்க வாறாய்?"

"விழுந்தா?"

"விழுந்தா கத்துவன். நீ உள்ள போ."

வோக்கரை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்திப் பார்த்தாள். பிறகு நடந்தாள். நடுவில் ஒருமுறை நின்றாள். நான் அசையவில்லை. கக்கூஸ் கதவைச் சாத்தினாள். உள்ளே கொண்டி விழுந்தது.

"ஜொனாதன்! அங்கயே நிக்கிறாயா?"

"ஓம்."

"போய் ரேடியோவப் போடு!"

போட்டேன். சத்தத்தையும் கூட்டிவிட்டேன்.