பினாங்கு கத்திக்கு எலுமிச்சம்பழம்

அவனியாபுரத்தில் கருத்தக்கண்ணன் என்று கேட்டால் எந்தக் கருத்தக்கண்ணன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஜப்பான் கருத்தக்கண்ணன் என்றால் பட்டறை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று மனிதருக்குத் தெரியாது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட்டுக்கொண்டிருந்தவர்தான். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் ஜப்பான் சமையல் கத்திகள் முப்பது அவரிடம் வந்து சேர, அன்றைக்கே ஊர் பட்டம் கட்டிவிட்டது. அது அவருக்கு உள்ளூர இனித்தது.

கத்திகளைக் கொண்டுவந்தவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீப். அவருடைய மச்சான் சிஹாபுதீன் பினாங்கில் ஓட்டல்களுக்குக் கத்தி விற்கிறவர். வெறும் அலகாக வாங்கி மதுரைக்கு அனுப்பினால் பிடியும் உறையும் மலிவாக முடியும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். லத்தீப் ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். கருத்தக்கண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழ வைங்க பாய், எடுத்துக்கிறேன். கத்தியக் கைக்குக் கை வாங்குனா ஒறவு அறுந்துரும்."

லத்தீப் சிரித்துக்கொண்டே பலகையில் வைத்தார். "ஒங்க வழக்கம் ஒங்களுக்கு. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. இந்த இரும்புக்கு ஈரம் ஆகாது. அலகுல ஒரு ஈரத்துணி படக்கூடாது."

"கொலசாமி சத்தியமாப் படாது."

யாரும் சத்தியம் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

மரம் கொடுத்தது பசுமலையில் மரக்கடை வைத்திருந்த மலைச்சாமி. கருத்தக்கண்ணனின் மனைவி சீனியம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணன். மாப்பிள்ளை வேலை கடல் தாண்டுகிறது என்று, மூன்று வருஷம் நிழலில் காய்ந்த மஞ்சக்கடம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்குவது கருத்தக்கண்ணனுக்குப் பழகிய வேலை. உறைதான் உயிரை வாங்கியது. இரண்டு பலகைகளை அலகின் வடிவத்துக்கு உள்ளே குடைந்து ஒட்ட வேண்டும். இறுகினால் கத்தி வராது, தளர்ந்தால் தானாக விழும். சமையல் கத்தி என்பதால் பசை நாற்றம் ஆகாதாம், சோற்றைக் குழைத்துத்தான் ஒட்டினார். முப்பதாவது கத்தி சத்தமில்லாமல் உறைக்குள் போய் உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. பிடி போட்ட ஆயுதம் ஒரு எலுமிச்சம்பழமாவது காவு வாங்காமல் அவர் பட்டறையை விட்டுப் போகாது. ஒரே ஒரு தடவை மறந்துவிட்டார். அந்த அரிவாள் மூன்றாம் நாள், வாங்கியவனின் கட்டைவிரலை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு மறப்பாரா? முப்பது பழம் வாங்கினார். கத்திக்கு ஒன்றாக அறுத்து, சாற்றை வேட்டி முனையில் துடைத்து, உறையில் போட்டு அனுப்பினார். சாமி காரியம் ஈரத்துணியில் சேருமா என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

சித்திரை முடியும்போது முப்பதும் திரும்பி வந்தன. லத்தீப் ஒவ்வொன்றாக உருவிக் காட்டினார். எல்லாவற்றிலும் துரு.

"பச்ச மரமாம்ணே. மரத்துச் சாறு இரும்பத் தின்னுருச்சுண்டு மச்சான் எழுதியிருக்காரு. மலைச்சாமி நம்மள ஏமாத்திட்டாரு."

கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார். மரச்சாறு என்றால் உறை தொட்ட இடமெல்லாம் துரு இருக்க வேண்டும். அப்படி இல்லை. அலகின் நடுவில், பழத்தின் அகலத்துக்கு, எல்லாக் கத்தியிலும் ஒரே இடத்தில் இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ஒங்க மேல தப்பில்ல. வேற கடையில மரம் வாங்குங்க. இன்னும் நாப்பது வருது" என்றார் லத்தீப்.

"ம்" என்றார் கருத்தக்கண்ணன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பட்டம் கட்டுவதற்கென்றே பிறந்த ஊர் மலைச்சாமிக்கும் ஒன்று கட்டியது: பச்சைமரம் மலைச்சாமி. நிலைக்கும் கதவுக்கும் மரம் எடுத்தவர்கள் அவர் கடையைத் தாண்டிப் போனார்கள். சீனியம்மாள் அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. "என் புருசன் பொழப்புல மண்ணப் போட்டவன் வீட்டுல எனக்கென்ன விருந்து" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கருத்தக்கண்ணன் அந்த அழுகையைக் கேட்டபடியே சோறு தின்றார்.

ஆடியில் அடுத்த நாற்பதும் முடிந்தன. மரம் வேறு கடை மரம். இனிமேல்தான் முடிச்சு இறுகியது. பழம் அறுக்காமல் அனுப்பினால் கத்தி சுத்தமாகப் போய்ச் சேரும். பார்த்தாயா, மலைச்சாமி மரம்தான் பச்சை மரம் என்று ஊர் முத்திரை குத்திவிடும். அறுத்து அனுப்பினால் மறுபடி துரு பிடிக்கும். மலைச்சாமி பேர் தப்பும், ஜப்பான் கருத்தக்கண்ணன் அன்றோடு காலி. எலிப்பொறிக்குக்கூட ஒரு பக்கம்தான் கதவு விழும். இவருக்கு இரண்டு பக்கமும் விழுந்துவிட்டது. ஒரு வாரம் கத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒன்றையும் தொடவில்லை.

பார்சல் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் மலைச்சாமி வந்தார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் பட்டறைப் படி ஏறினார். மெலிந்திருந்தார். துண்டிலிருந்து மூன்று எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"கீழக்குயில்குடி போயி கருப்பசாமியக் கும்புட்டு வாரேன் மாப்ள. ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். இந்தத் தடவையும் துருப் பிடிக்கணும்ண்டு வேண்டிக்கிட்டேன். தங்கச்சி வீட்டுக் கஞ்சியில கல்லப் போடுறதுதான், பாவம்தான். ஆனா எனக்குப் பேரு போயிருச்சே. என் மேல கோவமா?"

அந்தக் கேள்வியைத்தான் கருத்தக்கண்ணனால் தாங்க முடியவில்லை. ஒரு கத்தியை உருவினார். கருப்பசாமி கோயில் பழத்தை எடுத்து நடுவில் அறுத்தார். சாற்றைத் துடைக்காமல் கத்தியை உறைக்குள் போட்டார்.

"இத நாளைக்குப் பாய் கடையில உருவிக் காட்டுங்க மச்சான். வேற கடை மரந்தான் இது. துரு இருக்கும்."

மலைச்சாமி பழத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார்.

"அப்ப அந்த முப்பதுக்கும்..."

"முப்பதுக்கும் அறுத்தேன். ஒங்க மரத்துல ஒரு கொறையும் இல்ல."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திரும்பி வந்த அன்னைக்கே தெரியும்."

மலைச்சாமி தலையை மட்டும் ஆட்டினார். கருத்தக்கண்ணன் கத்தியைப் பலகையில் வைக்கப் போனார்.

"கீழ வைக்கிறேன், எடுத்துக்கங்க மச்சான்."

"வேணாம்" என்று மலைச்சாமி கையை நீட்டினார். "கையிலயே குடுங்க."

கருத்தக்கண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கை மடங்கவில்லை. கொடுத்தார்.